ஷேர் ஃபோல்டருக்கு சர்வர் என்று பெயர்!

பாலாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறையும் காவேரிப்பாக்கம் ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஏரிப் பாசனத்தில் மதகைத் திறக்க 'நீர்க்கட்டி' என்று ஓர் ஆளை வைப்பது பழைய வழக்கம். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் கணக்கு. அவனவன் மண்வெட்டியோடு போய் மதகைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எந்த விவசாயிக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து மேற்கே வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று தோல் தொழில் விரிகிறது. இங்குள்ள சின்ன யூனிட்டுகளுக்குக் கணினி விற்க வருபவர்கள் என்ன செய்கிறார்கள்? நான்கு கணினி, ஒரு ஸ்விட்ச். அதில் ஒரு கணினியில் டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு "சர்வர் போட்டாச்சு சார்" என்று பில் நீட்டுகிறார்கள். அது சர்வர் இல்லை. மதகு திறந்து கிடக்கும் ஏரி!

ஒரு லாட்டில் 400 பீஸ் வெட் ப்ளூ இருக்கிறது. ஒருவர் 300 பீஸை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பியதாகப் பதிகிறார். அதே நிமிடம் அடுத்த மேசையில் இன்னொருவர் 200 பீஸை வேறு ஆர்டருக்கு எழுதுகிறார். இருவர் திரையிலும் 400. கடைசியில் சேமித்தவர் எழுதியதுதான் கணக்கு: மீதி 200. குடோனிலோ கொடுக்கவே 100 பீஸ் குறைகிறது. (பழி யார் மேல் விழும்? குடோன்காரர் மேல்தான்.)

ஃபாக்ஸ்ப்ரோவில் லாக் வசதி இருந்ததே என்பார்கள். இருந்தது. ஆனால் அதைப் போட வேண்டியது ஒவ்வொரு கணினியிலும் ஓடும் நிரல். நிரல் எழுதியவர் ஓர் இடத்தில் மறந்தால் போச்சு. உண்மையான டேட்டாபேஸ் சர்வரில் கிளையண்ட் கோப்பைத் தொடுவதே இல்லை. கேள்வி அனுப்பும், பதில் வாங்கும், அவ்வளவுதான். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதியை டேட்டாபேஸிலேயே எழுதி வைக்கலாம். பாதி எழுதும்போது கரண்ட் போனால், திரும்ப வந்ததும் பாதிப் பதிவை சர்வரே அழித்துவிடும். ஷேர் ஃபோல்டரில் இண்டெக்ஸ் உடையும். 2012ல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டைப் பார்த்த தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமா?

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு 2004ல் வந்தது. 2015 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவையும் நிறுத்திவிட்டது. மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விலையும் சாக்கு இல்லை. போஸ்ட்கிரெஸ், லினக்ஸ் இரண்டும் இலவசம்.

இன்னொரு கூட்டம் "எல்லாத்தையும் கிளவுடில் போடுங்க" என்கிறது. வாசலில் லாரி நிற்கும்போது இணைய இணைப்பு அறுந்தால் டெலிவரி சலான் எப்படி அடிப்பது? சின்ன யூனிட்டுக்கு உள்ளேயே ஒரு சர்வர், ஒரு யூபிஎஸ், தினமும் வெளியே ஒரு நகல், இது போதும். கிளைகள் பெருகினால் நடுவே இன்னொரு அடுக்கு வைத்து, விதிகளையெல்லாம் அங்கே கொண்டுபோய், பிரவுசர் வழியாக வேலை செய்யலாம். 1985ல் டெல்லியில் தொடங்கிய ரயில்வே கணினி முன்பதிவைப் பாருங்கள். 2002ல் ஐஆர்சிடிசியின் இணைய முன்பதிவு வந்தபோது கவுண்டர்களை மூடவில்லை. அதே இருக்கைகளுக்கு இன்னொரு வாசல் திறந்தார்கள்.

பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் மென்பொருளில் பதிய வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. கோப்பையே நகலெடுத்து மேலே ஒட்ட முடிகிற இடத்தில் அந்தத் தடம் எத்தனை நாள் நிற்கும்?

கணக்குப் பிழையில் முதலாளி நஷ்டப்பட்டால் அடுத்த ஆர்டரில் தேற்றிக்கொள்வார். வீட்டில் ஷூ அப்பர் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது முடியாது. திரையில் இல்லாத ஜோடிக்குக் காசு இல்லை.

விற்பவரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அக்கவுண்ட்ஸ் மேசையில் இருக்கும் கணினியில் நெட்வொர்க்கைத் திறக்கச் சொல்ல வேண்டும். அங்கே டேட்டா கோப்பு கண்ணில் பட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்தால் 'டெலிட்' என்று வந்தால், பில்லில் சர்வருக்குப் போட்ட தொகையை அடித்துவிடலாம்.