பச்சை வயலைப் பார்க்க வருவோரே, விலையையும் கேளுங்கள்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் ஒரு குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். வாரமலர்களுக்கு நான் எழுதிய பயணக் கட்டுரைகளில் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' என்ற தொடரை எத்தனை தடவை எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. அந்தக் கம்பளத்தின் சொந்தக்காரன் என்ன விலைக்கு அதை விற்றான் என்று ஒரு தடவையேனும் எழுதியதாகவும் நினைவில்லை.

2025 ஜனவரி இறுதியில் படுவான்கரைக்குச் சென்றிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கமாக விரிந்து கிடக்கும் நெல் பூமி அது. முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்றுதான் அக்கரை சேர வேண்டும். 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின்னர் ஒரு சில நிமிடங்களில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்விடலாம். பாலம் வந்ததும் எம்மைப் போன்ற பார்வையாளர்களும் வந்துவிட்டோம். கொக்குகளையும் வரம்புகளையும் காவற் பரண்களையும் படம் பிடித்துக்கொண்டு மாலையில் நகருக்குத் திரும்பி விடுகின்றோம்.

அன்று நானும் வரம்பில் நின்று படம் எடுத்தேன். அருகே நின்ற முதியவர் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, வேளாண்மைய நல்லாப் படம் பிடிக்கிறீங்க. வெட்டுறண்டைக்கு என்ன விலையெண்டும் ஒருக்காக் கேட்டு எழுதுங்களன்."

எனக்கு நாணமாக இருந்தது. அவருடைய வட்டையில் அறுவடை தொடங்கியிருந்தது. ஆனால் நெல்லுக்கான உத்தரவாத விலையை அரசாங்கம் அதுவரை அறிவித்திருக்கவில்லை. பெப்ரவரி முதல் வாரத்தில்தான் அறிவித்தது: நாடு கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா. அதற்குள் கிழக்கில் முந்தி வெட்டியவர்களின் நெல் களத்திலிருந்து லொறியேறிப் போய்விட்டது. வியாபாரி சொன்னதே விலை.

இது தற்செயலான தாமதமா? கிழக்கில் பெரும்போகம் ஜனவரியிலேயே முற்றிவிடும்; பொலன்னறுவையும் அநுராதபுரமும் அதற்குப் பின்னரே வெட்டும். இவ்வுண்மை கொழும்பில் இருப்போருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அறிவிப்பைப் பிந்த விடுவதாயின், முதலில் வெட்டும் விவசாயி அரசின் கணக்கில் இல்லை என்பதுதானே அதன் பொருள்?

"விலை வரும்வரை நெல்லை வைத்திருக்கலாமே" என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கே வைத்திருப்பது? அறுவடை இயந்திரம் கொட்டுவது ஈர நெல். அதை உலர்த்தத் தளம் இல்லாமையால்தான் விவசாயி தார் வீதியில் பரப்புகிறான். வாகனத்தில் செல்லும் நாம் அவனை ஏசிக்கொண்டு செல்கிறோம். மழை தூறினால் அதுவும் இல்லை. இதற்கிடையே இயந்திரக் கூலி, காணிக் குத்தகை, பசளைக்கடைக் கடன், அடகு வைத்த நகையின் வட்டி ஆகியன வாசலில் வந்து நிற்கும். பல இடங்களில் விதைப்புக்குக் கடன் கொடுத்தவரே நெல்லை வாங்குபவராகவும் இருக்கிறார். அத்தகையவரிடம் பேரம் பேச முடியுமா? சில மாதங்கள் கழித்து அதே விவசாயி கடையில் அரிசி வாங்குகிறான். அப்போது விலை வேறு.

அரசின் தரப்பில் இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, உரமானியம் கொடுக்கிறோம் என்பது. 2024/25 பெரும்போகத்தில் அது ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் விதைப்பில் கொடுத்ததை அறுவடையில் விலை வீழ்ச்சி பறித்துவிடுமாயின் அந்த மானியம் விவசாயிக்குப் போனதா, வியாபாரிக்குப் போனதா? மற்றது, விளைச்சலின் அளவு தெரியாமல் விலை கூற முடியாது என்பது. உத்தரவாத விலை என்பது சந்தை விலை அன்று. அதற்குக் கீழே விழ விடமாட்டோம் என்ற வாக்கு. உழவுச் செலவும் விதைநெல் விலையும் பசளை விலையும் விதைக்கும்போதே தெரிந்தவை. வாக்குக் கொடுக்க இவை போதும்.

விவசாயியைக் கேளாமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை விதிக்கப்பட்டது. நவம்பரில் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களின் விளைவாக அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாக வீழ்ந்தது. அன்று வயல்கள் மஞ்சளித்து நின்றபோது படம் எடுக்க வந்தவர்கள் குறைவு.

அந்த முதியவர் 2024 நவம்பர் வெள்ளத்தில் ஒரு தடவை பயிரை இழந்து மறுபடி விதைத்தவர். இரவில் யானைக்கு வெடி கொளுத்திக் கொண்டு பரணில் விழித்திருப்பவர். வெள்ளத்தையும் யானையையும் அரசாங்கம் ஒரு நாளில் நிறுத்திவிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். விலையை ஒரு தாளில் எழுதி நேரத்துக்கு வெளியிட ஏன் முடியாது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

கேட்கப்படுவது பெரிய காரியமன்று. உத்தரவாத விலை விதைப்புக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். கிழக்கில் முதல் வயல் வெட்டப்படும் வாரத்திலேயே களஞ்சியங்கள் பணத்துடன் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விவசாயக் கிராமத்திலும் நெல் உலர்த்த ஒரு தளம் வேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் தோற்றுவிக்கப்பட்டதே விவசாயிக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுப்பதற்குத்தான்.

வாசகர்களே, படுவான்கரைக்குப் போங்கள். காண வேண்டிய பூமிதான். ஆனால் வரம்பில் நிற்பவரிடம் இந்தப் போகத்தில் என்ன விலை கிடைத்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள். பத்திரிகைத் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: படத்தின் கீழே அந்த விலையையும் போடுங்கள். நான் அதைச் செய்யத் தவறியவன்.