வீட்டுத் தோட்டம்: காரம் குறைந்த மிளகாய்

குழந்தைகளும் முதியோரும் உண்ணத்தக்க பஜ்ஜி மிளகாயை இல்லத்திலேயே விதைத்து வளர்க்கலாம். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த மண்ணில் விதைகளைக் கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்து வாருங்கள். 8 முதல் 10 நாட்களில் முளைக்கும். 40 நாள் நாற்றுகளை 1½ அடி இடைவெளியில், மாலை வேளையில் நடுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும். செடியை வாடவிட்டால் காயில் காரம் ஏறக்கூடும்.

விதைக்கென ஒரு காய் விடுவோர் ஒன்றை மறத்தலாகாது. அருகில் காரமிளகாய்ச் செடி இருப்பின், தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். இவ்வாண்டுக் காயின் சுவை மாறாது. அதன் விதையில் பிறக்கும் செடியோ காரமாகக் காய்த்து, அடுத்த ஆண்டு குழந்தையின் நாவைச் சுடும். ஆதலால் மொட்டுகள் மலருமுன் ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். மிளகாய்ப்பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பிஞ்சு பிடித்ததும் பையை நீக்கி, நூல் கட்டி அடையாளமிடுங்கள். செடியிலேயே சிவந்து பழுத்த அக்காயின் விதைகளை நிழலில் உலர்த்திக் காத்திடுங்கள்.