வில்லை குத்தினால் தலைமை வருமா?

தமிழ்ப் பெற்றோரே! ஆசிரியப் பெருமக்களே!

பட்டுக்கோட்டை வட்டத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றன் ஓவிய வேளையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வீடு வரைகிறார், பின்னே இரண்டு மலை, மலையிடையே கதிரவன். பிள்ளைகள் அனைவரும் அதனையே படியெடுக்கின்றனர். வயலும் தென்னந்தோப்பும் உப்பங்கழியும் சூழ்ந்த மண்ணில், பிள்ளையின் தாளில் மட்டும் மலை! அஃதென்னவென்று கேட்டால் 'மவுண்டன்' என்னும். வண்ணத்தைக் கேட்டால் 'கிரீன்' என்னும். கிளிப்பச்சையும் மாந்தளிரும் அதன் நாவினின்று நாடு கடத்தப்பட்டன. இது கலையன்று, அடிமைப் பயிற்சி!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கலை கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியரை வைக்கச் சொல்வது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேலிருந்தால்தான். ஐந்தாம் வகுப்புக்கு உட்பட்ட பிஞ்சுகளுக்கு ஒருவருமில்லை. வேரை வறளவிட்டுக் கிளைக்கு நீர் தெளிக்கும் வேளாண்மையைக் காவிரிப் படுகை உழவன் ஒப்புவானா?

தமிழக அரசு 2022 முதல் கலைத் திருவிழா நடத்தியது. 2024-இல் தொடக்க வகுப்புகளையும் அதிற் சேர்த்தது. அதே ஆண்டில் 'மகிழ் முற்றம்' அமைத்து, ஐந்திணைப் பெயரால் மாணவரைக் குழுக்களாக்கியது. தூய தமிழ்ப் பெயர்கள், வாயார வாழ்த்துகின்றோம். ஆயின் பெயரோடு நின்றுவிட்டால்? ஒருவன் பரிசு பெறப் பிறர் கைதட்டுவதும், முதல் மதிப்பெண் பிள்ளைக்கே வில்லை குத்துவதும் தலைமைப் பயிற்சி ஆகா.

தலைமை எதுவென இம்மண் அறியும். 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் பட்டுக்கோட்டை அழகிரி. அவர் தலைமை சட்டையில் இல்லை; தேய்ந்த கால்களில் இருந்தது.

மருதக் குழுவிடம் களிமண்ணையும், நெய்தற் குழுவிடம் சிப்பியையும் தென்னையோலையையும் கொடுங்கள். "நம் ஊரைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லி ஆசிரியர் ஒதுங்கி நிற்கட்டும். கல்லணைக் கால்வாய் எவ்வழி வரும்? மதகு எங்கே? மண் பிசைவது யார்? பிள்ளைகளே வழக்கிட்டு முடிவு செய்யட்டும். 2018-இல் கசாப் புயல் தென்னைகளை வீழ்த்திய நாளை மண்ணிற் செய்து காட்டட்டும். வீழ்ந்ததை நிமிர்த்தும் வழியைப் பேசட்டும். அன்று பாருங்கள்: மூலையில் அமர்ந்திருந்த கூலியுழவர் மகள், கீற்று முடையும் கையுடையவள், நடுவில் வந்து நிற்பாள், மாடிவீட்டுப் பிள்ளை அவளிடம் கேட்டுக் கற்கும். பிறப்பின்பேரால் கட்டிய உயர்வு தாழ்வு அங்கே ஆட்டங்காணும்.

"படிப்புக் கெடும், ஆங்கிலம் வராது" என்பீர். அளவெடுப்பது கணக்கன்றோ? முடிவை எடுத்துரைப்பது மொழியன்றோ? தாய்மொழியில் நால்வரை இணங்கச் செய்யத் தெரியாத பிள்ளை, வேற்றுமொழியில் எவரை நடத்தும்?

ஆகலின் கேட்கின்றோம்: தொடக்கப்பள்ளிக்கும் கலையாசிரியர் வேண்டும். குழுத் தலைமை கிழமைதோறும் மாறி ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவேண்டும். வண்ணமும் கருவியும் தமிழ்ப் பெயரால் வழங்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்! கரும்பலகை மலையைப் படியெடுத்த கை, இனித் தன் ஊரைத் தானே செய்யட்டும்!