கொழுஞ்சியைப் பெயரால் அல்ல, இலையால் அறியுங்கள்

மழைக்குப் பிறகு அடி அண்ணாமலை பக்கம் போய்ப் பாருங்கள். மலையடிவாரப் புறம்போக்கு, ஏரிக்கரை, மணிலா பிடுங்கிய மேட்டு நிலம், கிரிவலப் பாதை ஓரம் என்று பல இடங்களில் முழங்கால் உயரத்துக்கு, சிறு ஊதாப் பூக்களோடு ஒரு செடி நிற்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லைத்தான் கடிக்கும். நாமும் அதைக் களை என்று கொத்தி வரப்பில் எறிந்துவிட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்கக் கடைக்குப் போகிறோம்.

அந்தச் செடிதான் கொழுஞ்சி. கொளிஞ்சி என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் கொள்ளுக்காய் வேளை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துவைக்கும் பயறு வகைச் செடி. வறட்சியைத் தாங்கும். மாடு மேயாததால் காவலும் வேண்டாம். இவ்வளவு இருந்தும் நாம் அதைக் கைவிட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், அடையாளம் தெரியாமல் போனதுதான் என்பது என் கருத்து.

பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். கொழுஞ்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் செடி அவுரி. நீலச்சாயம் எடுக்கும் அவுரி ஒன்று. தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடும் நிலாவாரையையும் அவுரி என்றே அழைக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு செடி, ஒரே செடிக்கு மூன்று பெயர். இதில் 'கொழுஞ்சி விதை' என்று யாராவது கொடுத்தால் எதை நம்பி விதைப்பது?

நம்ப வேண்டியது இலையைத்தான். கொழுஞ்சியின் ஒரு சிற்றிலையை எடுத்து, நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். குறுக்கே கிழியாது; பக்க நரம்புகளின் வழியே பிரிந்து அம்பு முனை போல வரும். வடமொழியில் இதற்குச் சரபுங்கா, அதாவது அம்பின் இறகு என்று பெயர் வைத்ததே இதனால்தான். அவுரி இலை இப்படிப் பிரியாது, தாறுமாறாகக் கிழியும்.

அடுத்து காயைப் பாருங்கள். கொழுஞ்சிக் காய் தட்டையாக, கொள்ளுக்காய் போல, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். நீளம் 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை. அவுரிக் காய் உருண்டு மெலிந்திருக்கும். பூங்கொத்தும் வேறுபடும். கொழுஞ்சியில் அது இலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து நீண்டு நிற்கும். அவுரியில் இலைக் கக்கத்தில், இலையைவிடக் குட்டையாக இருக்கும். நிலாவாரைக்கோ மஞ்சள் பூ. அதன் இலைக்காம்பு நுனியில் ஒற்றைச் சிற்றிலை கிடையாது. இந்தச் சோதனைகளைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் அம்புபோல் பிரியும் இலையெல்லாம் நாம் தேடும் கொழுஞ்சி ஆகிவிடாது. அதன் உறவுச் செடிகளுக்கும் அந்தக் குணம் உண்டு. இலை, தண்டு, காய் எல்லாம் அடர்ந்த வெள்ளை ரோமத்தோடு, காய் அரிவாள்போல் நன்றாக வளைந்திருந்தால் அது டெஃப்ரோசியா வில்லோசா என்ற தனி இனம். தரையோடு படர்ந்து, சில பூக்களே பூக்கும் சிறு செடி டெஃப்ரோசியா பியூமிலா. இந்தப் படரும் செடியை 1876ஆம் ஆண்டு ஹூக்கரின் இந்தியத் தாவர நூலில் கொழுஞ்சியின் ஒரு வகை என்றுதான் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். படித்த நிபுணர்களுக்கே இழுபறி என்றால், வயலில் நிற்கும் நமக்குக் குழப்பம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழுஞ்சிக்குள்ளேயும் இயற்கையான வேறுபாடுகள் உண்டு. ஊதாப் பூவோடு இளஞ்சிவப்புப் பூவும், அபூர்வமாக வெள்ளைப் பூவும் காணலாம். ஏரிக்கரைச் செடி இடுப்பளவு வளரும். சரளை மண்ணில் அதுவே ஒரு சாண் உயரத்தில் படுத்துக் கிடக்கும். இதில் எது ரகம், எது மண்ணின் குணம்?

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். கரையில் நின்ற நெட்டைச் செடியையும் மேட்டில் கிடந்த குட்டைச் செடியையும் இரண்டு ரகம் என்று நினைத்து, தனித்தனியாக விதை எடுத்து ஒரே பாத்தியில் விதைத்தேன். வளர்ந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே நின்றன. உயரம் மண் கொடுத்தது, விதையில் இல்லை. நீங்களும் இதையே செய்யுங்கள். கால் சென்ட் பாத்தியில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் விதையுங்கள். அப்போதும் வேறுபாடு நீடித்து, அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தால் அது உண்மையான வகை. 'வெள்ளைப்பூக் கொழுஞ்சி, அபூர்வ ரகம்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், இந்தச் சோதனைக்குப் பிறகு பணத்தை எடுங்கள். வெள்ளைப் பூ என்பதாலேயே தழை அதிகம் தரும் என்று அர்த்தம் இல்லை. நமக்கு வேண்டியது பூவின் நிறம் அல்ல, தழையும் வேரும்தான். ஈர மண்ணில் செடியைப் பிடுங்கி, ஒரு வேர் முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

செடியை அறிந்தபின் விதைக்கு அலைய வேண்டியதில்லை. காய் பழுப்பாக மாறியதும் காலை நேரத்தில் பறியுங்கள். நன்றாகக் காய்ந்துவிட்டால் முறுக்கிக்கொண்டு வெடித்துச் சிதறிவிடும். விதைத்தோல் கடினமானது, தண்ணீர் எளிதில் இறங்காது. கொழுஞ்சி முளைக்கவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, வெந்நீரில் 2, 3 நிமிடம் மட்டும் போட்டு எடுத்தோ விதைத்தால் முளைப்பு கூடும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். நெல் அறுத்த தரிசில் மிச்ச ஈரத்திலேயே வளர்ந்து கோடையைத் தாண்டி நிற்கும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஓரத்தில் சில செடிகளை விதைக்கு விட்டுவிட்டால், உதிரும் விதையிலிருந்து அடுத்த ஆண்டு தானாகவே முளைக்கும். முதல் ஆண்டு தக்கைப்பூண்டு அளவுக்கு வேகமாக வளராது, பொறுமை வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமத்துக்குப் போகும்போது துண்டறிக்கையோடு ஒரு கொழுஞ்சிச் செடியையும் ஓர் அவுரிச் செடியையும் கையில் எடுத்துப் போங்கள். இலையை விவசாயியே இழுத்துப் பார்க்கட்டும். பாதையோரத்தையும் புறம்போக்கையும் சுத்தம் செய்பவர்கள், காய் முற்றும்வரை இந்தச் செடியை விட்டுவைத்தால் ஊருக்கே இலவச விதைப் பண்ணை கிடைக்கும். மலையடிவார நிலங்கள் மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. கொழுஞ்சி நிற்கும் இடமும் சுருங்குகிறது. அடையாளம் தெரியாத செடி அழிந்தால் அழிந்ததே நமக்குத் தெரியாது. இந்த மழைக்கு உங்கள் வரப்பில் மண்வெட்டியை ஓங்குமுன், ஓர் இலையை இழுத்துப் பாருங்கள்.