மாதர் உலகக் கோப்பையும் ஆப்கானிய மாதரும்

மாதருக்கான இருபது ஓவர் உலகக் கிரிக்கெட் பந்தயம் 2024ம் வருஷம் அக்டோபர் 3ந் தேதி முதல் 20ந் தேதி வரையில் துபாய், ஷார்ஜா ஆகிய இரு நகரங்களில் நடந்தேறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பங்களா தேசத்தில் நடந்திருக்க வேண்டிய பந்தயம் அது. அவ்வருஷம் அங்கே மூண்ட கிளர்ச்சியின் பயனாய் ஆகஸ்டு 5ந் தேதி பிரதம மந்திரி ஷேக் ஹஸீனா பதவி துறந்து தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பந்தயமும் அரபு நாட்டுக்கு இடம் மாறியது. பத்து தேசங்களின் கோஷ்டிகள் வந்து ஆடின. ஆயினும், ஆடியவர்களைக் குறித்து மட்டும் எழுதுவதற்காக இன்று நாம் இதைப் பிரஸ்தாபிக்கவில்லை. ஆட வராதவர்களும், வரவிடாது தடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் நமது தேசத்துக்கு ஒரு கடமை உண்டென்பது நமது அபிப்பிராயம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். அந்த வருஷம் கோப்பையை வென்ற நியூஸிலாந்து கோஷ்டி, பந்தயத்துக்கு வருமுன் இருபது ஓவர் ஆட்டங்களில் தொடர்ந்து பத்து தோல்விகளைக் கண்டிருந்தது. அதைப் பொருட்படுத்துவார் இல்லை. அக்கோஷ்டி முதல் ஆட்டத்திலேயே நமது இந்தியக் கோஷ்டியை 58 ரன் வித்தியாசத்தில் முறியடித்தது. ஹர்மன்பிரீத் கௌர் தலைமை வகித்த நமது மாதர் அரை இறுதிக்கும் எட்டாமல் திரும்பினார்கள். ஆறு முறை கோப்பையைக் கைக்கொண்ட ஆஸ்திரேலியரைத் தென் ஆப்பிரிக்கர் 8 விக்கெட்டுகளால் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தனர். இறுதி நாளில் நியூஸிலாந்து 5 விக்கெட்டுகளுக்கு 158 ரன் எடுத்தது. தென் ஆப்பிரிக்கா 9 விக்கெட்டுகளுக்கு 126 ரன்னுக்குமேல் சேர்க்க இயலவில்லை. அமீலியா கெர் அன்று 43 ரன் எடுத்ததோடு 3 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார்; பந்தயம் முழுவதிலும் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 15. காப்டன் ஸோபி டிவைனும், ஸூஸி பேட்ஸும் 2009லும் 2010லும் இறுதி ஆட்டங்களில் தோற்ற கோஷ்டிகளில் ஆடியவர்கள். 2010ல் பார்படோஸில் கடைசிப் பந்தில் டிவைன் ஓங்கி அடித்த பந்து, பந்து வீசிய எல்லிஸ் பெரியின் காலில் பட்டு நின்றுபோயிற்று. 3 ரன்னில் கோப்பை கைதவறியது. பதினான்கு வருஷம் பொறுத்துப் பெற்ற வெற்றியை யார்தான் பாராட்டாமலிருப்பார்கள்!

இப்பந்தயத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. வெற்றி பெற்ற கோஷ்டிக்கு 23 லட்சத்து 40 ஆயிரம் டாலர் வழங்கப்பட்டது. 2023ல் அதே கோப்பைக்குக் கிடைத்தது 10 லட்சமே. 2024ல் ஆடவர் கோப்பையை வென்றவர்கள் பெற்ற 24 லட்சத்து 50 ஆயிரத்துக்கு இது ஏறத்தாழச் சமமாகும். ஆடவருக்கும் மாதருக்கும் சமமான பரிசு என்று சர்வதேசக் கிரிக்கெட் கவுன்ஸில் 2023ம் வருஷம் ஜூலை மாதத்தில் டர்பன் நகரில் கூடித் தீர்மானித்ததன் பலன் இது. நமது இந்தியப் போர்டு அதற்கும் முன்பே, 2022 அக்டோபரில், தேசத்துக்காக ஆடும் இரு பாலாருக்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே கட்டணம் என்று விதித்தது. இவை சிலாக்கியமான காரியங்கள். மாதர் ஆட்டம் ஆடவர் ஆட்டத்தின் நிழல் என்று நினைப்பவர்கள், சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தை முதலில் ஆடியவர்கள் மாதரே என்பதை அறியார்கள். 2004 ஆகஸ்டில் இங்கிலாந்து மாதரும் நியூஸிலாந்து மாதரும் அவ்வாட்டத்தை ஆடிய பிறகே, 2005ல் ஆடவர் ஆடினார்கள். உலகக் கோப்பையும் அப்படியே. மாதருக்கு 1973லும் ஆடவருக்கு 1975லும் முதன்முதலாக நடந்தது. 2020 மார்ச்சில் மெல்போர்னில் ஆஸ்திரேலியருக்கும் நமது மாதருக்கும் நடந்த இறுதி ஆட்டத்தைக் காண 86,174 பேர் திரண்டார்கள். இனி இவ்வாட்டத்துக்குத் தயவு வேண்டியதில்லை. நியாயம் கிடைத்தால் போதும்.

அந்த நியாயம் எல்லாருக்கும் கிடைத்ததா என்பதே கேள்வி. கவுன்ஸிலில் பூரண அங்கத்தினர் அந்தஸ்துப் பெற்ற தேசங்கள் பன்னிரண்டு. அவற்றுள் பதினொன்றுக்கு மாதர் கோஷ்டி உண்டு. ஆப்கானிஸ்தானத்துக்கு மட்டும் இல்லை. அத்தேசம் 2017ல் அந்த அந்தஸ்தைப் பெற்றது. பூரண அங்கத்தினர் மாதர் ஆட்டத்தையும் வளர்க்கவேண்டும் என்பது கவுன்ஸிலின் விதி. 2020 நவம்பரில் 25 மாதருடன் ஆப்கானிய போர்டு ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஒன்பது மாதத்தில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினார்கள். ஒப்பந்தம் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் புகுந்தனர். அதன்பின் அத்தேசத்துப் பெண்களுக்கு உயர்தரப் பாடசாலை மூடப்பட்டது. 2022 டிஸம்பரில் சர்வகலாசாலை மூடப்பட்டது. பொது இடத்தில் பெண்ணின் குரல் கேட்கலாகாது என்று 2024 ஆகஸ்டில் சட்டமே பிறந்தது. குரல் எழுப்பவே உரிமையற்றவள் மட்டை பிடிப்பது எங்கே?

இதே காலத்தில் அத்தேசத்து ஆடவர் கோஷ்டி சுக்கிர தசையில் இருந்தது. 2024 ஜூனில் நடந்த ஆடவர் இருபது ஓவர் பந்தயத்தில் அவர்கள் அரை இறுதி வரை முன்னேறினார்கள். அவர்களுடைய உயர்வில் நமக்கும் பங்குண்டு. சொந்த நாட்டில் ஆட இயலாத அவர்களுக்கு 2015 முதல் கிரேட்டர் நொய்டாவும், பிறகு டேராடூனும், லக்னோவும் தாய் வீடாக விளங்கின. அவ்வாட்டக்காரர்கள்மீது நமக்குக் குரோதம் யாதொன்றும் இல்லை. பெண்களுக்கு வைத்தியப் படிப்பும் கூடாதென்று 2024 டிஸம்பரில் காபூல் ஆட்சியாளர் தடுத்தபோது, ரஷீத் கானும் முகம்மது நபியும் பகிரங்கமாக அதை ஆக்ஷேபித்தார்கள். குடும்பமும் சுற்றமும் அந்த நாட்டில் இருக்க, அவ்வாறு வாய் திறப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஆயினும் கவுன்ஸிலின் நடத்தையை நாம் எவ்விதம் ஒப்புக்கொள்வது? சர்க்கார் செய்யும் குற்றத்துக்குக் கிரிக்கெட் போர்டைத் தண்டிக்கலாகாது என்பது அவர்கள் தரப்பு வாதம். இந்த வாதத்தைக் கேட்கும்போது தென் ஆப்பிரிக்காவின் நினைவு வராமற்போகாது. நிறத் துவேஷத்தைச் சட்டமாக்கி வைத்திருந்த அத்தேசத்தை 1970 முதல் 1991 வரையில் சர்வதேசக் கிரிக்கெட் உலகம் ஒதுக்கி வைத்தது. அவ்விஷயத்தில் நமது நாடு பிறருக்கு வழி காட்டியது. சுதந்தரம் பெறுவதற்கு முன்னரே, 1946ல், அங்குள்ள இந்தியர் படும் அவமானத்தை ஐக்கிய நாட்டு சபையின் முன் வைத்தோம். 1974ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென் ஆப்பிரிக்காவுடன் ஆடவேண்டி வந்தபோது, கோப்பை போனாலும் போகட்டுமென்று இந்தியா விலகிக்கொண்டது. சென்னை நகரத்து விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்தக் கோஷ்டியில் இருந்தவர்கள். அவர்கள் இழந்தது சாமானியமான சந்தர்ப்பமல்ல. தமிழர்களாகிய நமக்கு அந்த நாட்டைப் பற்றி வேறொரு ஞாபகமும் உண்டு. இந்தியரின் விவாகங்களைச் செல்லாதவை ஆக்கிய தீர்ப்பை எதிர்த்து மாதர் சிறை புகுந்த 1913ம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, அதன் பயனாய் உயிர் நீத்தவள் தில்லையாடி வள்ளியம்மை என்ற சிறு பெண். நிற வேற்றுமை ஒழிந்தபின் 1991 நவம்பரில் தென் ஆப்பிரிக்கக் கோஷ்டியை முதலில் வரவேற்று ஆடியதும் நமது கல்கத்தாவே. அந்த நாட்டு மாதர் 2024ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்தனர். நிறத்தை முன்னிட்டு மனிதரை விலக்குவது பொறுக்கலாகாத பாதகமென்றால், பெண்ணாய்ப் பிறந்ததை முன்னிட்டு விலக்குவது எவ்விதத்தில் குறைந்தது?

அப்படியானால் ஆப்கானிய ஆடவரையும் பகிஷ்கரிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டைச் சேர்ந்த 160க்கு மேற்பட்டவர்கள் அவ்விதம் தங்கள் நாட்டுப் போர்டுக்கு எழுதினார்கள். தென் ஆப்பிரிக்க விளையாட்டு மந்திரியும் அதே கருத்தைத் தெரிவித்தார். இரு நாட்டுப் போர்டுகளும் செவி சாய்க்கவில்லை. பிப்ரவரி 26ந் தேதி லாகூரில் இங்கிலாந்து ஆப்கானிஸ்தானத்துடன் ஆடி 8 ரன்னில் தோற்றது. ஆஸ்திரேலியரின் கொள்கை இதைவிட விநோதமானது. தனியாக ஆடும் ஆட்டங்களை ஆப்கானிய மாதருக்காக ஒத்திவைப்பதாகச் சொல்லிவிட்டு, உலகப் பந்தயங்களில் அதே கோஷ்டியுடன் தயக்கமின்றி ஆடிவந்தார்கள். நஷ்டம் வராத இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் மனச்சாட்சியை என்னவென்பது!

பகிஷ்காரத்தை நாம் கோரவில்லை. தென் ஆப்பிரிக்காவில் பகிஷ்காரத்தை வேண்டியவர்கள், அங்கே ஒடுக்கப்பட்டிருந்த மக்களே; அதனால்தான் அதற்குத் தார்மிக பலம் இருந்தது. ஆப்கானிய மாதர் கேட்டது என்ன? ஒப்பந்தம் பெற்றிருந்தவர்களில் 17 பேர் 2024ல் கவுன்ஸிலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தங்களை ஓர் அகதிக் கோஷ்டியாக அமைத்து ஆட இடங்கொடுங்கள் என்பதே அதன் சாரம். இதைவிட அடக்கமான கோரிக்கை இருக்க முடியுமா? 2025 ஜனவரி 30ந் தேதி மெல்போர்னில் ஒரு மைதானத்தில் அவர்கள் முதன்முறையாக ஒரு கோஷ்டியாய் இறங்கி ஆடினார்கள். வெற்றி கிட்டவில்லை, தாய்நாட்டை இழந்து மூன்றரை வருஷம் காத்திருந்தவர்கள் ஒன்றுகூடி ஆடினார்கள் என்பதே விசேஷம். 2025 ஏப்ரலில் கவுன்ஸில், இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று போர்டுகளின் ஒத்துழைப்போடு இவர்களுக்குப் பண உதவியும் பயிற்சியும் அளிப்பதாக அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த அறிவிப்பில் கோஷ்டி என்ற அங்கீகாரம் இல்லை. கேட்டது களத்தில் ஓர் இடம். கொடுக்க முன்வந்தது மான்யம்.

அகதிக் கோஷ்டி என்பது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை என்பாருக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒலிம்பிக் சங்கத்தார் 2016லேயே ரியோ நகரில் அகதிகளை ஒரு கோஷ்டியாக அணிவகுக்கச் செய்தார்கள். கால்பந்துச் சங்கத்தாரும் 2025 மே மாதத்தில் ஆப்கானிய மாதர் அகதிக் கோஷ்டிக்கு அநுமதி தந்தனர். அக்கோஷ்டி அவ்வருஷமே மொராக்கோவில் வேறு தேசத்துக் கோஷ்டிகளுடன் ஆடி, லிபியாவை 7 கோல் கணக்கில் வென்றது. இது ஒரு பதில். மற்றொன்று இன்னும் பொருத்தமானது. ஆப்கானியரின் கிரிக்கெட் பிறந்ததே அகதி முகாம்களில்தான். ருஷியப் படையெடுப்புக்கு அஞ்சிப் பெஷாவர்ப் பக்கம் ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அந்தப் பிள்ளைகளின் கோஷ்டியைக் கவுன்ஸில் 2001ல் சேர்த்துக்கொண்டபோது காபூலில் ஆண்டவர்களும் இதே தாலிபான்களே. தமையன்மாருக்கு அன்று பொருந்திய நியாயம் தங்கைமாருக்கு இன்று பொருந்தாதா?

இதில் இந்தியா முன்நிற்க வேண்டும் என்று நாம் சொல்வது வெறும் அபிமானத்தால் அல்ல. 2024 முதல் 2027 வரையில் கவுன்ஸிலின் வருமானத்தில் நூற்றுக்கு 38 பங்குக்கு மேல் நமது போர்டைச் சேருகிறது. 2024 டிஸம்பர் முதல் தேதி கவுன்ஸிலின் அக்கிராசனராகப் பதவியேற்றவர் ஸ்ரீ ஜெய் ஷா. 2025 நவம்பர் 2ந் தேதி நவி மும்பையில் தென் ஆப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று, ஐம்பது ஓவர் உலகக் கோப்பையை நமது மாதர் முதன்முறையாகப் பெற்றபோது தேசமே கொண்டாடியது. பணமும் பதவியும் புகழும் ஒருங்கே வந்த இடத்துக்குப் பொறுப்பும் வரவேண்டும். காபூலுடன் உறவு வளர்க்கும் சமயத்தில் இது ராஜதந்திரத்துக்கு இடையூறாகுமே என்று புது டில்லியில் சிலர் தயங்கக்கூடும். 2025 அக்டோபரில் நடந்ததை அவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். டில்லிக்கு வந்த ஆப்கானிய வெளிநாட்டு மந்திரி முத்தாகி, பெண் நிருபர்களை விலக்கிவிட்டுப் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டே நாளில் பெண் நிருபர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு அவர் மறுபடி பேச நேர்ந்தது. அந்த மாதத்திலேயே காபூலில் நமது ஸ்தானிகராலயமும் திறக்கப்பட்டது. உறவு ஒன்றும் முறிந்துவிடவில்லை.

ஆதலால் நமது யோசனை இது. ஆப்கானிய போர்டுக்குக் கவுன்ஸில் தரும் தொகையில் மாதர் ஆட்டத்துக்குரிய பங்கை நிறுத்தி, அதை வெளியே உள்ள மாதருக்கே கொடுக்கவேண்டும். அவர்களை அகதிக் கோஷ்டியாக ஏற்று, தகுதிப் பந்தயங்களில் ஆடவிட வேண்டும். எந்தக் கொடியின் கீழ் ஆடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். இவற்றைக் கவுன்ஸிலில் கொண்டுவர வேண்டியது இந்தியப் போர்டு. கவுன்ஸில் தாமதிக்குமாயின் நமது போர்டு தானாகவே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 2018 ஜூனில் ஆப்கானிய ஆடவர் தங்கள் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது பெங்களூரில். அதே மைதானத்துக்கு அவர்கள் நாட்டு மாதரை ஒரு மாத காலம் வரவழைத்து, நமது இளம் ஆட்டக்காரிகளோடு ஐந்தாறு ஆட்டங்கள் ஆடச் செய்யலாம். அதற்குக் காபூலின் உத்தரவு வேண்டியதில்லை. போர்டின் அழைப்புக் கடிதமும், நமது சர்க்கார் தரும் விஸாவும் இருந்தால் போதும்.