மருந்தாலும் வரும் தடிப்பு



சொரியாசிஸ் என்னும் தோல்நோய் பற்றிப் பேசும்போது பரம்பரை, மன உளைச்சல் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். மருந்துகளாலும் அதே போன்ற தடிப்பு வரும். லித்தியம், ப்ரொப்ரனலால், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. சொரியாசிஸுக்கே தரப்படும் அடலிமுமாப் ஊசிகூட, முடக்குவாதத்துக்காகப் போட்டுக்கொள்ளும் சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க்கொப்புளங்களைக் கொண்டுவந்துவிடுகிறது.

நான் அந்தச் சிலரில் ஒருத்தி. வீக்கம் வற்றி விரல்கள் மடங்கத் தொடங்கிய வேளையில் உள்ளங்கை வெடித்தது. புளி கரைத்தால் எரிகிறது. கடையில் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறார்கள். இது தொற்றவே தொற்றாது!

மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் இது வரலாம் என்பதால் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை. தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் தாங்கள் எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகளையும் காட்ட வேண்டும். பயந்துபோய்த் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ப்ரொப்ரனலாலைச் சட்டென்று விட்டால் இதய நோயாளிகளுக்கு மாரடைப்பே வரலாம்.

பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்த எண்ணை மருந்துக் கடைகள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி