பக்கம் எத்தனை?

ஜெர்மனியில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக் கொள்வதற்குப் பயங்கர மரியாதை. பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். நம்மூரில் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு பாங்க் உத்தியோகம் என்றால் கிடைத்த மரியாதையை இரண்டால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

அங்கே குட்டன்பெர்க் என்று ஒரு ராணுவ மந்திரி இருந்தார். பிரபு வம்சம். நாளைக்கு நாட்டையே ஆளப்போகிறவர் என்று பேசிக் கொண்டார்கள். பைராய்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் டாக்டர் பட்டம், அதுவும் உயர்ந்தபட்ச பாராட்டோடு. 2011 பிப்ரவரியில் ஃபிஷர்-லெஸ்கானோ என்ற சட்டப் பேராசிரியர் அந்த தீஸிஸுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார். சும்மா இருக்காமல் சில வரிகளை இன்டர்நெட்டில் தேடினார். வந்தது வினை! முன்னுரையின் ஆரம்பமே 1997-ல் ஒரு தினசரியில் வேறொருவர் எழுதிய கட்டுரை. அப்புறம் முகம் தெரியாத பல பேர் கூடி வரிவரியாக அலசினார்கள். 393 பக்கங்களில் 371-ல் இரவல் சரக்கு. பிப்ரவரி 23-ல் பட்டம் போச்சு. மார்ச் 1-ல் பதவியும் போச்சு.

அவர் பின்னால் சொன்ன விளக்கம்தான் எனக்கு சுவாரசியம். அரசியல், குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே வருஷக் கணக்கில் எழுதினாராம். 4 கம்ப்யூட்டர், 80 டிஸ்க். எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்று குழம்பிவிட்டதாம். வேண்டுமென்றே செய்ததுதான் என்று பல்கலைக்கழகக் கமிஷன் சொல்லிவிட்டது. நானும் நம்பவில்லை. 371 பக்கத்துக்கா குழப்பம் வரும்? ஆனால் நாலு பக்கத்துக்கு வரும்.

என் அக்கா பையன் பகலில் ஆபீஸ், ராத்திரி தீஸிஸ் என்று பகுதிநேர பி.எச்டி. பண்ணுகிறான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். மணிமணியாகக் கையெழுத்து. மேற்கோள் குறி கிடையாது, ஆசிரியர் பேர் கிடையாது, பக்க எண் கிடையாது.

"இது யார் சொன்னதுடா?"

"அதெல்லாம் கடைசியில போட்டுக்கலாம் மாமா."

"சரி, இந்த வரி யாருது?"

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "ரொம்ப நல்லா இருக்கு. அதனால என்னுது இல்ல."

இப்படி எல்லோருக்கும் தன்னடக்கம் இருந்தால் பிரச்னையே இல்லை. மூணு வருஷம் கழித்து அதே வரியைப் பார்க்கிறவனுக்கு, தன் கையெழுத்தில் இருப்பதெல்லாம் தன் மூளையில் உதித்தது என்றே தோன்றும். அதனால் புத்தகத்தை மூடுவதற்கு முன்னாலேயே பேர், வருஷம், பக்கம் எழுதியாக வேண்டும். அப்படியே எடுத்த வாக்கியத்துக்கு அங்கேயே மேற்கோள் குறி போட்டாக வேண்டும். அரை நிமிஷ வேலை. லைப்ரரிக்கு மறுபடி ஓடினால் அரை நாள்.

"வார்த்தையெல்லாம் மாத்திட்டேனே மாமா, அதுக்கும் போடணுமா?"

போடணும். இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். குட்டன்பெர்க் மாட்டிக் கொண்டபோது, தனக்கே வெட்கமாக இருப்பதாகச் சொன்னவர் அந்நாட்டுக் கல்வி மந்திரி ஷாவான் அம்மையார். அடுத்து அவருடைய 1980 தீஸிஸைக் கையில் எடுத்தார்கள். பெரிய மேதைகளின் கருத்துகளை, அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்களிலிருந்து எடுத்துவிட்டு, நேராக மேதைகளிடமே படித்த மாதிரி எழுதியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. 33 வருஷம் கழித்து, 2013 பிப்ரவரியில் பட்டத்தைப் பிடுங்கினார்கள். நாலே நாளில் ராஜினாமா. வேண்டுமென்று செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார், 2014-ல் தள்ளுபடி. தீஸிஸின் தலைப்பு என்ன தெரியுமோ? மனசாட்சி பற்றியது!

வழிநூல் எழுதுவது ஒன்றும் கேவலமில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல்காரர் அந்தக் காலத்திலேயே வகை பிரித்து வைத்திருக்கிறார். வழியை மறைத்தால்தான் வம்பு.

நம்மூரிலும் யு.ஜி.சி. 2018-ல் கணக்கு போட்டு விதி கொண்டு வந்தது. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாசத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் திருத்தினதைக் கொடுக்கவே ஒரு வருஷம் தடை. அதற்கு மேலே ரிஜிஸ்ட்ரேஷனே ரத்து. பையன் இதைக் கேட்டதும், 9 சதவீதம் இலவசமாகக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டான். பேர் சொல்லி முறையாக எடுத்தாண்ட மேற்கோள் இந்தக் கணக்கிலேயே சேராது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. வார்த்தைகளைப் புரட்டிப் போட்டு சாஃப்ட்வேரை ஏமாற்ற ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். சாஃப்ட்வேருக்கு வார்த்தை தெரியும், கருத்து தெரியாது. தீஸிஸ் திருத்துகிற பேராசிரியருக்குத் தெரியுமே! அதுவும் திருடினது அவருடைய கருத்தாகவே இருந்து தொலைத்தால்?

"அப்போ ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் புத்தகத்துல படிச்சா யார் பேரைப் போடறது?"

ரெண்டு பேரையும்தான். 'இன்னார் சொன்னதாக இன்னார் எடுத்துக் காட்டுகிறார், பக்கம் இத்தனை' என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 1947-ல் சுதந்திரம் வந்தது என்பது மாதிரி ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு மட்டும் யார் பேரும் வேண்டாம்.

"எங்க கைடு எழுதின புத்தகத்துக்கு?"

பையனின் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பேர் மட்டும் முதல் பக்கத்திலேயே மூணு தடவை, பக்க எண்ணோடு, கச்சிதமாக இருந்தது.